தேக்கடிக்குப் போகும் வழியில்

தேனியைத் தாண்டியதும் காரில் உள்ள குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள். பெரியவர்கள் கைபேசியில் முகம் புதைத்துக்கொள்கிறார்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊருக்குப் பின் ஊராக ஓடி மறைகின்றன. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து, லோயர் கேம்ப்பில் மலைப்பாதை ஆரம்பித்து, முதல் வளைவில் வண்டி ஒடித்துத் திரும்பும்போது, வீட்டு அம்மாள் கண் விழித்து, "வந்துவிட்டோமா?" என்று கேட்கிறாள். தேக்கடி இன்னும் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டின் மிக அழகான பள்ளத்தாக்குகளில் ஒன்று வந்து, போயும் விட்டது.

நம் நண்பர் ஒருவர் சென்ற வருஷம் குடும்பத்துடன் அங்கே இரண்டு நாள் போய் வந்தார். முதல் நாள் சுருளி அருவி, திராட்சைத் தோட்டம், தேக்கடி. மறுநாள் மேகமலை என்பது அவர் போட்டுக்கொண்ட திட்டம். அருவியில் வெள்ளம் வந்திருந்தபடியால் குளிக்க விடவில்லை. திராட்சைத் தோட்டத்தில் அவருடைய குழந்தை ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துவிட்டுத் தோட்டக்காரரிடம் திட்டு வாங்கிற்று. மேகமலை அடிவாரத்துச் சோதனைச் சாவடிக்குப் பொழுது சாய்ந்த பிறகு போய்ச் சேர்ந்து, வந்த வழியே திரும்பினார்கள். "அங்கே பார்ப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?" என்று நண்பர் நம்மீதே கோபித்துக்கொண்டார். போகச் சொன்னவர்கள் நாம்தான். ஆகவே அவருக்குப் பதில் சொல்லும் கடமையும் நம்மைச் சேர்ந்ததாகிறது.

பார்ப்பதற்கு அங்கே இருப்பது தண்ணீர். அருவித் தண்ணீரைச் சொல்லவில்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைச் சொல்கிறோம். இந்தப் பள்ளத்தாக்கைச் சரியாகப் பார்க்க விரும்புகிறவர்கள், மேலே மலையடிவாரத்தில் ஆரம்பித்து, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியாகவே கீழே இறங்கி வர வேண்டும். அதாவது தேனியிலிருந்து தேக்கடிக்குப் போகிறவர்களுக்கு நேர் எதிர்த்திசையில்.

காரணம் இதுதான். மலைக்கு மேற்கே மழை அதிகம், கிழக்கே குறைவு. மேற்கே பெய்ததெல்லாம் பெரியாறாக ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், மதுரைச் சீமையிலும் இராமநாதபுரம் சீமையிலும் ஜனங்கள் பஞ்சத்தில் வாடினார்கள். ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை முழுவதும் வெள்ளைக்காரருடையது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. 1789-லேயே சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலையில் இதற்கு வழி உண்டா என்று ஆராய்ந்திருக்கிறார். செலவு எட்டாத உயரத்தில் இருந்தபடியால் கைவிட நேர்ந்தது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜான் பென்னிகுயிக் என்னும் எஞ்சினியர் தலைமையில், கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு காட்டின் நடுவே அணை எழுந்தது. வெள்ளம் ஒரு பக்கம், மலைக்காய்ச்சல் ஒரு பக்கம். பெயர் எங்கும் பொறிக்கப்படாத எத்தனையோ கூலியாட்கள் அங்கேயே மடிந்தார்கள். 1895-ல் வேலை முடிந்தது. மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே, மேற்குத் தண்ணீர் கிழக்கே வந்து விழுந்தது.

அந்தத் தண்ணீர் இன்று லோயர் கேம்ப்பில் மின்சாரத்தை உண்டாக்கிவிட்டு, முல்லையாறு என்ற பெயருடன் பள்ளத்தாக்கின் நடுவே ஓடி, தேனிக்கருகே வைகையில் கலந்து, வைகை அணையில் தேங்கி, மதுரைக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் இருபோகம் விளையும் நெல்வயல் 14,707 ஏக்கர் என்பது அரசாங்கக் கணக்கு. இந்த எண்ணை அந்தப் பக்கத்து விவசாயி எவரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே சொல்வார்.

முதல் நாள், ஆகையால், நேரே லோயர் கேம்ப்புக்குப் போய்விடுங்கள். அணையைப் பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டாம். அது மலைக்கு அப்பால் கேரளத்துப் புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கிறது, பொதுஜனங்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் குமுளி மலைப்பாதையிலிருந்து பார்த்தால், மலைச்சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் ஒன்றையொன்று தொடர்ந்து இறங்குவது தெரியும். குழந்தைகளுக்கு அதைக் காட்டி, அணை எங்கே, சுரங்கம் எங்கே என்று மண்ணில் கோடு கிழித்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் ஒரு மாதம் படித்தாலும் மனத்தில் ஏறாதது பத்து நிமிஷத்தில் ஏறிவிடும். அருகிலேயே பென்னிகுயிக்குக்கு 2013-ல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இருக்கிறது. அந்நிய ஆட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு இத்தனை மரியாதையா என்று முகம் சுளிக்கிறவர்கள், எதிரே உள்ள டீக்கடையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு வரட்டும். அவர் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையை அங்கே கேட்பீர்கள். அதற்கு ஆவணம் உண்டா என்று வாதம் தொடங்க வேண்டாம். நன்றியுள்ள ஜனங்கள் சொல்லும் கதை அது, நன்றி உண்மையானது.

அதே டீக்கடையில், "இன்றைக்கு எத்தனை அடி?" என்று ஒருவர் கேட்பதையும் நீங்கள் கேட்கக்கூடும். அணையின் நீர்மட்டத்தைப் பற்றிய கேள்வி அது. 142 அடி வரையில் தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த எண் குறைந்தால் மலைக்கு இப்புறத்தில் உள்ளவர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஏறினால் அணைக்குக் கீழே அப்புறத்தில் வாழ்கிறவர்களுக்குப் பயம். விருந்தாளியாகப் போன இடத்தில் இதைப்பற்றித் தீர்ப்புச் சொல்வது நாகரிகமாகாது. கேட்டுக்கொண்டிருந்தால் போதும், தெரிந்துகொள்ள நிறைய உண்டு.

எந்த மாதத்தில் போவது என்பது பெரிய விஷயம். அணையில் இருப்பு இருந்தால் ஜூன் முதல் தேதி முதற் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். அதையடுத்து ஆனி மாதத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் சேறும் நாற்றுமாக இருக்கும். மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வீசும். குடை சொன்ன பேச்சைக் கேளாது. கூடலூர்ப் பக்கத்தில் வெயிலும் சாரலும் ஒரே வேளையில் வரும். நம் அபிப்பிராயம், ஆனிக்கு ஈடான மாதம் இல்லை. சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் தை மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஜனவரி 15 பென்னிகுயிக்கின் பிறந்த நாள். அன்று ஊர்கள் தோறும் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் கார்த்திகையிலிருந்து தை பிறக்கும் வரையில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் குமுளிச் சாலை நிறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அருவியை நம்பிப் போகிறவர்கள் நம் நண்பரைப் போலத் திரும்புவார்கள். மாசி, பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும். அதைப்பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பிரயாணம் இப்போது சுலபமாகிவிட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ல் ரயில் வந்தது. யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பின்னர் மறுபடியும் போட்டார்கள். 2010-ம் வருஷக் கடைசியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக நிறுத்தியவர்கள், தேனிக்கு ரயில் விட 2022 ஆயிற்று, போடிக்கு 2023. பதினொரு வருஷம் காத்திருந்த ரயில் ஆகையால், அதில் ஏறுவதை நாம் ஒரு கடமையாகவே சிபார்சு செய்கிறோம். சென்னையிலிருந்தும் வாரத்தில் சில நாட்கள் நேர் ரயில் உண்டு. தேனியில் இறங்கிக் கம்பத்துக்குப் பஸ் ஏறினால் நாற்பது கிலோமீட்டர். தேனிக்குத் தெற்கே ரயில் கிடையாது.

கம்பத்திலேயே ஒரே விடுதியில் நான்கு இரவு தங்குங்கள். தினம் ஓர் ஊரில் மூட்டை அவிழ்த்து, மறுபடியும் கட்டுகிற பிரயாணம் மூட்டைகளுக்குத்தான் அனுபவம். கம்பத்து விடுதிகள் சுத்தமாயிருந்தால் போதும் என்கிறவர்களுக்கு ஏற்றவை. ஆடம்பரம் வேண்டியவர்கள் குமுளிக்குப் போகட்டும். காரில் வந்தவர்களும் காரை விடுதியில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குச் சீட்டுக் காசு கிடையாது. ஆகவே குடும்பத்தில் செலவாளிகள் ஆண்கள் மட்டுமே. தக்காளிக் கூடையும் வெற்றிலைக் கட்டும் பக்கத்து ஆசனத்தில் இருக்கும். தமிழோடு கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் ஒரே பஸ்ஸில் காதில் விழும். பல நூற்றாண்டுகளாக மலைக்கணவாய்களின் வழியே வந்து குடியேறியவர்களின் பள்ளத்தாக்கு இது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பந்தலுக்குக் கீழே நடந்தால், தலைக்கு மேலே கறுத்த கொத்துகள் தொங்கும். பன்னீர் திராட்சை என்று பெயர். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-ல் கொண்டுவந்த கொடி என்று சொல்வதுண்டு. மற்ற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே ஒரு தோட்டத்தில் இல்லாவிட்டால் மற்றொன்றில், வருஷம் முழுவதும் பழம் உண்டு. விதை இருக்கும், தோல் மெல்லியது, வாசனை உயர்ந்தது. நாலு நாளைக்கு மேல் தாங்காது. விவசாயியின் கஷ்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பழுத்த பழத்தை வைத்திருந்து விலை ஏறும்போது விற்க முடியாது; வியாபாரி சொன்னதே விலை. அத்தகைய தோட்டத்துக்குள் முன்பின் கேளாமல் நுழைந்து, கொத்தைப் பிடித்துத் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டால் தோட்டக்காரர் திட்டாமல் என்ன செய்வார்? பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் பூச்சு விரல் பட்டால் அழியும். அழிந்தால் சந்தையில் மதிப்பும் குறையும். கொத்தைக் காம்பில் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். வாசலில் நின்று, "ஐயா, உள்ளே வரலாமா?" என்று கேளுங்கள். வரச் சொன்னால், இரண்டு கிலோவாவது பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மருந்து தெளித்திருப்பார்கள், விடுதிக்குப் போய் நன்றாகக் கழுவிய பிறகே குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும்.

கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று ஒரு கோயில் இருக்கிறது. நந்தகோபாலன் பெயரால் அமைந்த இக்கோயிலில் வணக்கத்துக்குரியது உயிருள்ள பட்டத்துக் காளைதான். நேர்ந்துகொண்டவர்கள் கன்றுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று நிற்க இடம் இராது. இப்பக்கத்து மலைமாடுகள் நாட்டில் பேர்பெற்ற இனம். மலையில் மேய்ந்து, கீழே வயல்களில் கிடை போட்டு, உழவனுக்கு எரு கொடுத்து வாழ்ந்தவை. காப்புக் காடுகளில் மேய்ச்சல் கூடாது என்று 2022-ல் ஹைகோர்ட்டு தடை விதித்து, பிறகு சரணாலயங்களுக்கும் புலிகள் காப்பகங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் அதை வரையறுத்தது. புலிக்கும் காடு வேண்டும், மாட்டுக்கும் புல் வேண்டும். மலைமாட்டுக்காரர் யாரேனும் பேச்சுக் கொடுத்தால், அவசரப்படாமல் கேளுங்கள். ஒரு முழுக் காலைப் பொழுதையும் நாம் அப்படிக் கழித்ததுண்டு, இழந்தது ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் கீழ்நோக்கி. உத்தமபாளையத்தில் திருக்காளத்தீசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டு, ஊருக்கு அருகே உள்ள கருப்பணசாமி மலைக்குப் போங்கள். பாறையில் வரிசையாகச் சமண தீர்த்தங்கரர் உருவங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தக் கணவாய்ப் பாதை எத்தனை பேர் நடந்த பெருவழியாயிருந்தது என்பதற்கு அது சாட்சி. நாம் போயிருந்தபோது எங்களையும் இரண்டு ஆட்டுக்குட்டிகளையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. பாறையில் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் மட்டும் பலர் என்று தெரிந்தது. சின்னமனூரில் பூலாநந்தீசுவரர் கோயில். பாண்டியர் வரலாற்றை அறியப் பெரிதும் உதவிய சின்னமனூர்ச் செப்பேடுகளுக்குப் பெயர் கொடுத்தது இவ்வூரே. அங்கிருந்து வரும் சாலையின் இருபுறமும் வாழை. செவ்வாழைத் தார் வாங்க ஆசை வரும், தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது, ஒரு சீப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். குச்சனூரில் சுயம்புவாகச் சனீசுவரர். வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன். சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி ஏந்தி வரும் கூட்டத்தைப் பார்க்கப் பள்ளத்தாக்கே திரண்டு வரும். அந்த நாட்களில் விடுதியில் இடம் கிடைக்காது.

மேற்கு ஓரத்தில் பண்ணைப்புரம் இருக்கிறது. இசைஞானி இளையராஜா பிறந்த ஊர். அவருடைய வீடு எது என்று விசாரித்து வாசலில் நின்று படம் எடுப்பதைவிட, ஊர்க் கண்மாய்ப் பக்கம் மாலையில் சற்று நின்று காற்றைக் கேட்பது மேல் என்பது நம் கட்சி.

சுருளிக்கு, ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளைத் தவிர்த்து, காலையில் முதல் ஆளாகப் போங்கள். அமாவாசையில் முன்னோர்களுக்குக் கடன் செய்ய வருகிறவர்களின் இடம் அது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அன்று வேலை இல்லை. வெள்ளத்தாலோ யானை நடமாட்டத்தாலோ வனத்துறையார் தடை போட்டிருந்தால் அவர்களிடம் சண்டை போடாதீர்கள். சோப்பும் எண்ணெயும் ஷாம்பூப் பொட்டலமும் விடுதியிலேயே இருக்கட்டும். கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மேகமலைக்குப் பழைய பெயர் பச்சைக்கூமாச்சி. சின்னமனூரிலிருந்து மலையேறும் பாதை. ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று தேயிலைத் தோட்டங்களும் சிறு அணைகளும். 2021 முதல் இது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி. இருட்டிய பிறகு வண்டிகளை விடுவதில்லை. விடிந்ததும் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். உணவும் குடிதண்ணீரும் கையில் கொண்டு போய், காலிப் பாத்திரத்தையும் காகிதத்தையும் கையோடு கீழே கொண்டுவர வேண்டும். அங்கே இருப்பது பூங்கா அன்று; கூலித் தொழிலாளிகளின் வீடுகள். கொழுந்து பறிக்கும் பெண்களை, அநுமதி கேளாமல், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்புகளுக்கும் இதே வார்த்தைதான்.

குரங்கணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போடியிலிருந்து மேற்கே, மலைமேல் நடக்க ஆசைப்படுகிறவர்கள் தேடிப் போகும் இடம். 2018-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, காய்ந்த புல்வெளியில் தீ பரவியபோது, அங்கே நடந்துகொண்டிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் வாலிபர்கள், இளம் பெண்கள். மாசி, பங்குனி, சித்திரையில் மலைப் புல் வெடிமருந்து போன்றது. வனத்துறையின் அநுமதிச் சீட்டு கையில் இல்லாமல், "நான் அழைத்துப் போகிறேன், வாருங்கள்" என்று எவர் சொன்னாலும் போகாதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் சிநேகிதர்களோடு கிளம்பும்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது; காசு போதுமா என்பது இரண்டாவது.

கண்ணகி கோட்டம் தனி யாத்திரை. மங்கலதேவி என்று பெயர் பெற்ற அந்தக் கற்கோயில், கூடலூருக்கு மேலே எல்லைமலை உச்சியில் சிதைந்து நிற்கிறது. வருஷத்தில் ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், இரு மாநில அதிகாரிகளின் ஏற்பாட்டில் அங்கே போக விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப் உண்டு. நடக்கக்கூடியவர்கள் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறலாம். செங்குத்தான ஆறேழு கிலோமீட்டர். மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் வீரத்தைக் காட்டும் இடம் அதுவன்று. உச்சியில் ஏறி நின்று கிழக்கே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும்: முல்லையாற்றின் கோடு, அதன் இரு பக்கத்திலும் பச்சை, பச்சை முடிகிற இடத்தில் செம்மண். தண்ணீர் எட்டிய இடம் எது, எட்டாத இடம் எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பச்சைக்குள்ளே இப்போது அங்கங்கே வண்ணம் பூசிய எல்லைக் கற்களும் தெரிகின்றன. வயல் மனையாகிக்கொண்டிருக்கிறது. இரு போகம் விளைந்த மண்ணில் வீடு கட்டினால் அது எந்தப் போகத்தில் சேர்ந்தது என்று கூடலூர்ப் பெரியவர் ஒருவர் நம்மைக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொல்லி முடித்தபோது அவர் பேசாமலிருந்தார். நாம் பேசியது போதாதோ, அல்லது மிஞ்சிவிட்டதோ என்று சந்தேகமாயிருந்தது. சென்ற வாரம் தகவல் வந்தது. ஆனி மாதத்துக்கு நான்கு ரயில் சீட்டு வாங்கியாகிவிட்டதாம். கம்பத்தில் நான்கு இரவுக்கு அறையும் ஏற்பாடாம். குழந்தையின் பையில் அவர் மனைவி ஒரு சிறு கத்திரிக்கோலும் வைத்திருக்கிறாராம், தோட்டக்காரர் உள்ளே வரச் சொன்னால் உபயோகப்படும் என்று.